என்ஜின் நின்றால் என்ன ஆகும்? ஹெலிகாப்டர் ஓட்டப் பழகுவோரின் "ஒன்றரை விநாடி" பாடம்!

வானத்தில் பறந்து கொண்டிருக்கும் ஆகாய விமானத்தின் என்ஜின் திடீர் என்று நின்று விட்டால் என்ன ஆகும்?

விமானத்துக்கு நீண்ட இறக்கைகள் இருக்கின்றன. அது பருந்து போல மிதந்து மிதந்து கீழே இறங்கும்.

ஹெலிகாப்டரின் என்ஜின் நின்று விட்டால்?

"கல் விழுவது போல விழும்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

அது சரி அல்ல. என்ஜின் நின்ற பிறகும் ஹெலிகாப்டரைப் பத்திரமாகத் தரை இறக்கலாம். ஓட்டப் பழகுகிற ஒவ்வொரு மாணவரும் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுகிறார்.

ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. சிறிய பயிற்சி ஹெலிகாப்டரில் என்ஜின் நின்று போனால், ஒரு விநாடியில், மிஞ்சினால் ஒன்றரை விநாடியில், விமானியின் இடது கை கீழே இறங்கி விட வேண்டும். யோசித்துப் பார்க்க நேரம் கிடையாது.

மாணவர் படிக்கிற பாடங்கள் எத்தனையோ. எந்திரத்தின் உறுப்புகள், மீறக் கூடாத எல்லைகள், கைக்கும் காலுக்கும் உரிய வேலைகள் என்று அவை நீண்டு கொண்டே போகும். எல்லாம் கடைசியில் இந்த ஒன்றரை விநாடியில்தான் வந்து முடிகின்றன.

பத்திரிகையில் வந்த படம்

உலகத்தில் ஏராளமான விமானிகள் ஹெலிகாப்டர் ஓட்டப் பழகியது "ஆர்-22" என்ற சின்னஞ் சிறு ஹெலிகாப்டரில்தான். அதில் இரண்டே பேர் உட்காரலாம்.

இதை உருவாக்கியவர் பெயர் ஃபிராங்க் ராபின்சன். 1930-ம் ஆண்டு அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்தவர்.

அவருக்கு 9 வயதாக இருந்தபோது, பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்த்தார். இகார் சிகோர்ஸ்கி என்ற நிபுணர், தாம் செய்த ஹெலிகாப்டரில் அமர்ந்து, அந்தரத்தில் நிற்கும் படம் அது.

அந்தப் படம் சிறுவனின் மனதில் ஆழமாகப் பதிந்து விட்டது. பிறகு ஆயுள் முழுவதும் அவருக்கு ஹெலிகாப்டர் வேலைதான்.

ராபின்சன் படித்து என்ஜினீயர் ஆனார். பெரிய பெரிய விமானக் கம்பெனிகளில் வேலை பார்த்தார். சாதாரண மனிதர் வாங்கக் கூடிய விலையில் ஒரு சிறிய ஹெலிகாப்டர் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. கம்பெனிகள் அதில் அக்கறை காட்டவில்லை.

1973-ல் வேலையை விட்டார். கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். 1975 ஆகஸ்டு மாதம் முதலாவது ஆர்-22 வானத்தில் பறந்தது. 1979-ல் அரசாங்கத்தின் அனுமதி கிடைத்தது.

பிறகு நடந்தது அவர் எதிர்பாராதது. சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்களை விட, பயிற்சிப் பள்ளிகள்தான் அதிகமாக வாங்கின. காரணம், விலை குறைவு. ஓட்டுகிற செலவும் குறைவு.

ஓட்டத் தெரிந்தவருக்காகச் செய்த எந்திரம், ஓட்டத் தெரியாதவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது!

ராபின்சன் 2022-ம் ஆண்டு, தமது 92-வது வயதில் காலமானார். அவருடைய தொழிற்சாலையில் அதுவரை 4 ஆயிரத்துக்கும் அதிகமான ஆர்-22 ஹெலிகாப்டர்கள் செய்யப்பட்டிருந்தன.

சுற்றி வந்து பார்

முதல் நாள் பாடம் வானத்தில் அல்ல. தரையில்!

மாணவர் கையில் ஒரு பட்டியலை வைத்துக் கொண்டு ஹெலிகாப்டரை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். எண்ணெய் போதுமான அளவு இருக்கிறதா? பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா? எங்காவது திருகு தளர்ந்திருக்கிறதா? விசிறி இறக்கையில் கீறல் இருக்கிறதா? ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் தொட்டியின் அடியில் ஒரு சிறு குழாய் இருக்கிறது. அதைத் திறந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்கிறார்கள். தண்ணீர் இருந்தால் அது குப்பியின் அடியில் போய்த் தங்கி விடும்.

மாணவர் "நேற்றுதான் பார்த்தேன்" என்று சொன்னால் ஆசிரியர் ஒப்புக் கொள்ள மாட்டார். மோட்டார் கார் பழுதானால் சாலை ஓரமாக நிறுத்தலாம். வானத்தில் ஓரம் கிடையாது.

சைக்கிளில் இருக்கும் ரகசியம்

அடுத்தது, எந்திரம் வேலை செய்யும் விதம்.

இருக்கைகளுக்குப் பின்னால் என்ஜின் இருக்கிறது. நான்கு சிலிண்டர். பெட்ரோலில் ஓடுவது. பெட்ரோல் தொட்டி என்ஜினை விட உயரத்தில் இருப்பதால், பெட்ரோல் தானாகவே இறங்கி வரும். பம்பு தேவை இல்லை.

அரிசி ஆலையில் ஒரு சக்கரத்தில் இருந்து இன்னொரு சக்கரத்துக்குப் பட்டை ஓடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். இங்கும் அப்படித்தான். என்ஜின் சக்கரத்தில் இருந்து மேல் சக்கரத்துக்கு ரப்பர் பட்டைகள் ஓடுகின்றன. அங்கிருந்து ஒரு தண்டு தலைக்கு மேல் உள்ள பெரிய விசிறியைச் சுழற்றுகிறது. இன்னொரு தண்டு வாலில் உள்ள சிறிய விசிறியைச் சுழற்றுகிறது.

என்ஜினை முடுக்கும்போது பட்டைகள் தொளதொள என்று தளர்ந்து கிடக்கும். என்ஜின் மட்டும் ஓடும். பிறகு ஒரு சுவிட்சைப் போட்டால், ஒரு சிறிய மின்சார மோட்டார் மேல் சக்கரத்தை உயர்த்தும். பட்டைகள் இறுகும். விசிறி மெல்ல மெல்லச் சுழலத் தொடங்கும். பட்டை சரியாக இறுகும் வரை ஒரு விளக்கு எரியும். இறுகியதும் அணைந்து விடும்.

மேல் சக்கரத்துக்குள் ஒரு முக்கியமான உறுப்பு ஒளிந்திருக்கிறது.

சைக்கிளில் போகிறவர் மிதிப்பதை நிறுத்தி விடுகிறார். சக்கரம் நின்று விடுகிறதா? இல்லை. மிதி கட்டை சும்மா இருக்க, சக்கரம் "கிர்ர்ர்" என்று ஓடிக் கொண்டே இருக்கிறது. பின் சக்கரத்தில் உள்ள "ஃப்ரீவீல்"தான் இதற்குக் காரணம்.

ஹெலிகாப்டரிலும் இதே மாதிரி ஒரு உறுப்பு உண்டு. என்ஜின் செத்துப் போனாலும், அது விசிறியைப் பிடித்து நிறுத்தாது. விசிறி தன் போக்கில் சுழலலாம். வால் விசிறியும் கூடவே சுழலும்.

என்ஜின் நின்ற ஹெலிகாப்டர் பிழைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டு கை, இரண்டு கால்

ஹெலிகாப்டர் விமானிக்கு இரண்டு கைகளுக்கும் வேலை. இரண்டு கால்களுக்கும் வேலை. அதுவும் ஒரே நேரத்தில்!

இடது கைப் பக்கம், இருக்கையின் ஓரத்தில், ஒரு கம்பி இருக்கிறது. அதற்கு "கலெக்டிவ்" என்று பெயர். அதை மேலே தூக்கினால், தலை விசிறியின் இரண்டு இறக்கைகளும் ஒரே சமயத்தில் சாய்ந்து, காற்றை அதிகமாக வெட்டும். ஹெலிகாப்டர் எழும்பும். கம்பியைக் கீழே இறக்கினால் ஹெலிகாப்டரும் இறங்கும்.

அந்தக் கம்பியின் முனையில் மோட்டார் சைக்கிளில் இருப்பது போல முறுக்கும் கைப்பிடி உண்டு. என்ஜின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அது உதவும்.

வலது கையில் இன்னொரு கம்பி. அதற்கு "சைக்ளிக்" என்று பெயர். எந்தப் பக்கம் அதைச் சாய்க்கிறாரோ, அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் போகும். முன்னால், பின்னால், இடது, வலது எல்லாம் இதில்தான்.

ஆர்-22-ல் இந்தக் கம்பி இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் உச்சியில் குறுக்கே ஒரு சட்டம். வலது பக்கம் உட்கார்ந்த மாணவரும் பிடிக்கலாம். இடது பக்கம் உட்கார்ந்த ஆசிரியரும் பிடிக்கலாம்.

காலடியில் இரண்டு மிதி கட்டைகள். அவை வால் விசிறிக்கு உரியவை.

வால் விசிறி எதற்கு? தலை விசிறி ஒரு பக்கம் சுழன்றால், ஹெலிகாப்டரின் உடல் மறு பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவதுதான் வால் விசிறியின் வேலை. நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலுவதால், அது கண்ணுக்கே தெரியாது. அதனால், ஓடுகிற ஹெலிகாப்டரின் வால் பக்கம் யாரும் போகக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

அரக்கோணத்தில் வலது கால்

ஆர்-22-ன் தலை விசிறி, மேலே இருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். ஆகவே மேலே எழும்பும்போது மூக்கு வலது பக்கம் திரும்பும். விமானி இடது காலை அழுத்தி அதைச் சமாளிப்பார்.

எல்லா ஹெலிகாப்டரும் இப்படி அல்ல.

தமிழ்நாட்டில் அரக்கோணத்தில் இந்தியக் கடற்படையின் "ஐ.என்.எஸ். ராஜாளி" விமானத் தளம் இருக்கிறது. 1992-ல் தொடங்கப்பட்டது. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. பல ஆண்டுகளாக அங்கே "சேத்தக்" ஹெலிகாப்டரில் பயிற்சி கொடுத்து வந்திருக்கிறார்கள்.

சேத்தக், பிரெஞ்சு நாட்டு மாதிரியைப் பின்பற்றிப் பெங்களூரில் கட்டப்பட்டது. அதன் விசிறி, கடிகார முள் ஓடும் திசையிலேயே சுழலும். ஆகவே அதில் எழும்பும்போது அழுத்த வேண்டியது வலது கால்!

எந்திரத்துக்கு எந்திரம் கால் மாறும். ஆனால், விசிறியின் வேகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற விதி எந்த ஹெலிகாப்டரிலும் மாறாது.

அந்தரத்தில் நிற்பது

மாணவருக்கு மிகவும் கஷ்டமான வேலை எது? வேகமாகப் பறப்பது அல்ல. தரைக்கு மேலே 5 அடி உயரத்தில், ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுதான்!

கலெக்டிவைத் தூக்கினால் மூக்கு திரும்புகிறது. மூக்கைத் திருப்பக் காலை அழுத்தினால் ஹெலிகாப்டர் ஒரு பக்கம் நகர்கிறது. நகர்வதைத் தடுக்கக் கையைச் சாய்த்தால் உயரம் குறைகிறது. ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாம் மாறுகின்றன.

ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்க மாட்டார். முதலில் மாணவரிடம் கால் கட்டைகளை மட்டும் கொடுப்பார். மற்றதை அவர் பார்த்துக் கொள்வார். அடுத்து இடது கைக் கம்பி. கடைசியாக வலது கைக் கம்பி.

வலது கைக் கம்பியை இழுக்கக் கூடாது. தள்ளவும் கூடாது. விரலால் அழுத்தினாலே போதும். பதறிப் போய் இறுகப் பிடிக்கிற மாணவரின் ஹெலிகாப்டர், கயிறு அறுந்த கன்றுக்குட்டி போல அங்கும் இங்கும் துள்ளும்.

பல மணி நேரம் பழகிய பிறகு, ஒரு நாள், ஏன் எப்படி என்று தெரியாமலே ஹெலிகாப்டர் அந்தரத்தில் நின்று விடும். சைக்கிள் ஓட்டப் பழகிய குழந்தைக்கு வருகிற சந்தோஷம் அப்போது மாணவருக்கு வரும்.

பச்சைக் கோடு, சிவப்புக் கோடு

விமானிக்கு முன்னால் கருவிகள் வரிசையாக இருக்கின்றன. முள் பச்சைக் கோட்டில் நின்றால் நல்லது. மஞ்சள் கோட்டுக்கு வந்தால் எச்சரிக்கை. சிவப்புக் கோட்டைத் தாண்டவே கூடாது.

இந்த எல்லைகளை மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டும்.

"ஆர்-22 பீட்டா 2" என்ற வகை ஹெலிகாப்டர், ஆட்களோடும் பெட்ரோலோடும் சேர்த்து 621 கிலோவுக்கு மேல் எடை இருக்கக் கூடாது. ஒரு இருக்கையில், அதன் அடியில் வைக்கும் சாமானையும் சேர்த்து, 109 கிலோதான் ஏற்றலாம். அதிக பட்ச வேகம் மணிக்கு 189 கிலோ மீட்டர். உயரம் கூடினால் அந்த வேகமும் குறையும்.

குறைந்த எடைக்கும் எல்லை உண்டு! தனியாகப் பறக்கிறவர் 59 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் பாரம் ஏற்ற வேண்டும். இல்லா விட்டால் வால் பக்கம் கனத்து விடும்.

அதன் என்ஜினுக்கு 145 குதிரை சக்தி உண்டு. ஆனால், அதைத் தொடர்ந்து 124 குதிரை சக்தி அளவில்தான் ஓட்ட வேண்டும். தரையில் இருந்து எழும்பும்போது மட்டும் 131 குதிரை சக்தி. அதுவும் ஐந்தே நிமிடம்.

"இருக்கிற சக்தியை ஏன் உபயோகிக்கக் கூடாது?" என்று கேட்கத் தோன்றும். என்ஜினைப் பிழிந்து எடுக்காமல் ஓட்டினால், அது நெடு நாள் உழைக்கும். காற்று மெலிந்த உயரமான இடத்துக்குப் போனாலும், மிச்சம் வைத்த சக்தி கை கொடுக்கும்.

பெட்ரோல் தீரப் போகிறது என்று ஒரு விளக்கு எரியும். அது எரிந்த பிறகு சுமார் 5 நிமிடம்தான் என்ஜின் ஓடும். பற்சக்கரப் பெட்டிகளில் காந்தம் வைத்திருக்கிறார்கள். உள்ளே உலோகம் தேய்ந்து துகள் உதிர்ந்தால், காந்தம் அதைப் பிடித்துக் கொள்ளும். உடனே இன்னொரு விளக்கு எரியும்.

ஊதல் ஒலி

இத்தனை கருவிகளுக்கும் ராஜா ஒன்று உண்டு. அதில் இரண்டு முட்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று என்ஜின் வேகத்தைக் காட்டும். மற்றது விசிறியின் வேகத்தைக் காட்டும். வண்டியில் பூட்டிய இரட்டை மாடுகள் போல, இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். பிரிந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

விசிறி நிமிடத்துக்கு 510 சுற்றுச் சுற்றினால், கருவி 100 சதவீதம் என்று காட்டும். அந்த வேகத்தில் இறக்கையின் நுனி மணிக்கு 730 கிலோ மீட்டருக்கு மேல் பாய்கிறது.

என்ஜின் ஓடும்போது இந்த முள் 101-க்கும் 104-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 97-க்குக் குறைந்தால் ஊதல் ஒலி கத்தும். விளக்கும் எரியும். என்ஜின் நின்ற நிலையில், 90-க்குக் குறையவும் கூடாது. 110-ஐத் தாண்டவும் கூடாது.

அதிக வேகம் ஏன் கூடாது? சுழலும் இறக்கையை, வெளிப் பக்கமாகப் பல டன் விசை இழுத்துக் கொண்டிருக்கிறது. வேகம் மீறினால், இறக்கையைப் பிடித்திருக்கும் உறுப்புகள் சேதம் அடையும்.

குறைந்த வேகம் அதை விடப் பயங்கரம். ஹெலிகாப்டரைத் தூக்கிப் பிடித்திருப்பதே விசிறியின் வேகம்தான். கடல் மட்டத்தை ஒட்டிப் பறக்கும்போது, அந்த வேகம் சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கி விட்டால், இறக்கைகள் காற்றின் மேல் உள்ள பிடியை இழந்து விடும். உயரே போனால் இன்னும் சீக்கிரமாகவே இது நடக்கும். பிறகு எந்த விமானியாலும் விசிறியை மீட்க முடியாது.

வேடிக்கை என்ன என்றால், ஹெலிகாப்டர் தாழ்கிறது என்று தெரிந்தவுடன், மனிதனின் கை தானாகவே கலெக்டிவை மேலே தூக்கப் பார்க்கும். "இறங்குகிறதே, தூக்கு!" என்று மனம் சொல்லும். ஆனால், தூக்கினால் இறக்கைகள் மேலும் சாயும். காற்று அவற்றை மேலும் தடுக்கும். விசிறியின் வேகம் இன்னும் குறையும்.

ஊதல் ஒலி கேட்டால், கைப்பிடியை முறுக்கி என்ஜின் வேகத்தைக் கூட்ட வேண்டும். அதே நேரத்தில் கலெக்டிவைக் கீழே இறக்க வேண்டும். மனம் ஒன்று சொல்லும். பாடம் வேறு ஒன்று சொல்லும். பாடம்தான் ஜெயிக்க வேண்டும்.

ஓலைக் காற்றாடி

பனை ஓலையில் காற்றாடி செய்து, முள்ளில் குத்திக் கொண்டு, குழந்தைகள் தெருவில் ஓடுவார்கள். ஓட ஓடக் காற்றாடி சுழலும். அதைச் சுழற்றுவது எது? எதிரே வரும் காற்று.

என்ஜின் நின்ற ஹெலிகாப்டரும் ஒரு ஓலைக் காற்றாடிதான்!

ஹெலிகாப்டர் கீழே இறங்குகிறது. அதனால், காற்று அடியில் இருந்து மேல் நோக்கி விசிறியின் ஊடே பாய்கிறது. அந்தக் காற்றே விசிறியைச் சுழற்றும். ஆனால், அதற்கு இறக்கைகள் படுத்த நிலையில் இருக்க வேண்டும். கலெக்டிவைக் கீழே இறக்கினால்தான் இறக்கைகள் படுக்கும்.

ஆர்-22-ன் இறக்கைகள் எடை குறைந்தவை. கனமான சக்கரம் நெடு நேரம் ஓடும். லேசான சக்கரம் சட்டென்று நின்று விடும். அதனால்தான் இந்தச் சிறு ஹெலிகாப்டரில் அவகாசம் ஒன்றரை விநாடியோடு முடிந்து விடுகிறது.

கலெக்டிவை இறக்கியாகி விட்டது. அடுத்தது என்ன?

மணிக்குச் சுமார் 120 கிலோ மீட்டர் வேகத்தில் சறுக்கிக் கொண்டே இறங்க வேண்டும். விசிறி வேகத்தைக் காட்டும் முள்ளின் மேல் ஒரு கண். இறங்கும் இடத்தின் மேல் ஒரு கண்.

தரைக்கு மேலே 40 அடி இருக்கும்போது, வலது கைக் கம்பியைப் பின்னால் மெல்ல இழுக்க வேண்டும். மூக்கு நிமிரும். வேகம் குறையும். விசிறியின் சுழற்சி கொஞ்சம் கூடும்.

சுமார் 8 அடியில் ஹெலிகாப்டரை மட்டமாக்க வேண்டும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கலெக்டிவை மேலே தூக்க வேண்டும். விசிறியில் சேர்ந்திருக்கும் சக்தி முழுவதும், அந்த ஒரு தூக்கலில் செலவாகி, ஹெலிகாப்டரை மெத்தென்று கீழே வைக்கும்.

சந்தர்ப்பம் ஒரே ஒரு தடவைதான். சீக்கிரம் தூக்கினால் சக்தி தீர்ந்து விடும். தாமதமாகத் தூக்கினால் தரையில் மோதும்.

வேகமும் இல்லாமல் உயரமும் இல்லாமல் இருந்தால், இந்த வித்தை பலிக்காது. தரையில் இருந்து சில நூறு அடி உயரத்தில் அசையாமல் நிற்பது ஆபத்து என்று சொல்வது இதனால்தான். எந்த உயரத்தில் எந்த வேகம் வேண்டும் என்பதற்குக் கோடு போட்ட படம் ஒன்று உண்டு. மாணவர் அதையும் படித்துத் தேற வேண்டும்.

சாய்ந்தாடும் பலகை

ஆர்-22-ல் இன்னும் ஒரு ஆபத்து உண்டு.

அதன் தலை விசிறியின் இரண்டு இறக்கைகளும், பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடும் சாய்ந்தாடும் பலகை போல, நடுவில் உள்ள தண்டின் மேல் அசைந்து ஆடும்படி அமைந்திருக்கின்றன. ஹெலிகாப்டரின் உடல், அந்த விசிறியில் தொங்குகிறது.

பறக்கும்போது வலது கைக் கம்பியைத் திடீர் என்று முன்னால் தள்ளினால், வண்டி மேட்டில் ஏறி இறங்கும்போது வயிறு "சில்" என்று ஆகுமே, அப்படி ஆகும். உடல் விசிறியில் தொங்காமல், எடை இல்லாதது போல மிதக்கும். வால் விசிறி உடலை வலது பக்கம் புரட்டத் தொடங்கும்.

வலது பக்கம் சாய்ந்தால், இடது பக்கம் கம்பியைத் தள்ளத் தோன்றும். அதுதான் ஆபத்து! உடல் விசிறியில் தொங்காத அந்த நேரத்தில் அப்படித் தள்ளினால், ஆடும் விசிறியின் நடுப் பாகம் தண்டிலேயே மோதும். தண்டு முறிந்து விடும்.

முதலில் கம்பியைப் பின்னால் மெதுவாக இழுக்க வேண்டும். உடல் மறுபடியும் விசிறியில் தொங்கும். அதன் பிறகுதான் சாய்வைச் சரி செய்ய வேண்டும்.

இதிலும் மனம் சொல்வது தவறு. பாடம் சொல்வதுதான் சரி.

சட்டம் வந்தது

இந்தப் பாடங்களை எல்லாம் உலகம் சும்மா கற்றுக் கொள்ளவில்லை. விசிறியின் வேகம் குறைந்தும், விசிறி தண்டில் மோதியும், உயிர்ச் சேதம் ஏற்பட்டது.

என்ஜின் வேகத்தைத் தானாகவே சரியான அளவில் வைத்திருக்கும் "கவர்னர்" என்ற கருவி ஆர்-22-ல் பொருத்தப்பட்டது.

1995-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கத்தின் விமானத் துறை, ராபின்சனின் ஆர்-22, ஆர்-44 ஹெலிகாப்டர்களுக்கு என்றே தனி விதியைக் கொண்டு வந்தது. அந்த விதிப்படி, ஆசிரியருடன் 20 மணி நேரம் பறந்து பழகாத மாணவர், ஆர்-22-ல் தனியாகப் பறக்கக் கூடாது. விசிறியின் வேகம் குறைவதால் வரும் ஆபத்தையும், விசிறி தண்டில் மோதும் ஆபத்தையும் அவருக்குக் கட்டாயம் கற்றுக் கொடுக்க வேண்டும்.

காலி இருக்கை

அமெரிக்காவில் 16 வயது நிறைந்தவர் தனியாகப் பறக்கலாம். 17 வயதில், குறைந்தது 40 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு, லைசென்சு வாங்கலாம்.

ஆசிரியர் எப்போது சோதிப்பார் என்று மாணவருக்கு இருக்கும் பயம் கொஞ்சம் நஞ்சம் அல்ல. பேசிக் கொண்டே போவார். கீழே தெரியும் ஆற்றைக் காட்டுவார். திடீர் என்று "என்ஜின் நின்று விட்டது!" என்று சொல்லி, என்ஜின் வேகத்தைக் குறைத்து விடுவார். அந்த நொடியில் மாணவரின் இடது கை கீழே போக வேண்டும். போகாவிட்டால் ஆசிரியரின் கை போகும். அன்றைக்கு மாணவர் தேறவில்லை என்று அர்த்தம்.

கை தாமதிக்காமல் இறங்கக் கற்ற பிறகு, ஒரு நாள் ஆசிரியர் கதவைத் திறந்து இறங்கி விடுவார். "நீயே ஒரு சுற்று சுற்றி வா" என்பார்.

இடது பக்க இருக்கை காலி. ஹெலிகாப்டரின் எடை குறைந்து விட்டது. கலெக்டிவைக் கொஞ்சம் தூக்கும்போதே அது தரையை விட்டு எழும்புகிறது. ஒரு பக்கம் ஆள் இல்லாததால் சாய்வும் மாறி இருக்கிறது. வலது கை அதற்கு ஏற்றபடி தன்னைச் சரி செய்து கொள்கிறது.

என்ஜின் நிற்பது அபூர்வம். பல விமானிகள் ஆயுள் முழுவதும் பறந்து, அப்படி ஒன்றைப் பார்க்காமலே ஓய்வு பெறுகிறார்கள். அப்படி இருந்தும், லைசென்சு வாங்கிய பிறகு கூட, அந்தப் பயிற்சியைச் செய்து காட்டிக் கொண்டே இருக்கிறார்கள்.

தனியாகப் பறக்கிற மாணவரின் இடது கை, கலெக்டிவின் மேல் லேசாகப் படிந்திருக்கிறது. இனி அந்தக் கையை இறக்கச் சொல்லிப் பக்கத்தில் யாரும் இல்லை.